பெரியப்பா தலைவராக இருந்த மழைக்காலம்

மழை பிடித்துக்கொண்டால் போதும், நம் பள்ளிக்கூட குரூப்பில் வீடியோக்களாக வந்து விழுகின்றன. பெங்களூரில் சர்ஜாபுரா பக்கம் வில்லாவில் இருப்பவர்களை டிராக்டரில் ஏற்றிக் கூட்டிப் போகிறார்கள். எங்கோ ஒரு அபார்ட்மென்டின் அடித்தளத்தில் கார்கள் மிதக்கின்றன. நீங்களெல்லாம் கைகூப்பும் படம் போடுகிறீர்கள், சிலர் சிரிக்கிற முகமும் போடுகிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருத்தி, "இதையெல்லாம் கேக்க ஒரு ஆள்கூடவா இல்ல இந்த ஊர்ல" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தேன். ஒரு ஆள் இருந்தார். எங்கள் பெரியப்பா. அவர் கதையைக் கட்டைவிரலால் போனில் அடித்து மாளாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள், நமக்கெல்லாம் இனி என்ன அவசரம்.

ஆறாவது வகுப்பில், பாதி வருஷத்தில், நனைந்து உப்பிப்போன புத்தகங்களோடு நான் உங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தேனே, நினைவிருக்கிறதா? எங்கிருந்து வந்தாய் என்று நீங்கள் கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

நாங்கள் சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். இப்போது போனால் அடையாளம் தெரியாது. அப்போது சாலையின் இரண்டு பக்கமும் நீலகிரி மரங்கள், கேழ்வரகு வயல்கள், ஒரு ரைஸ் மில், ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த அப்பா, வாடகை குறைவு என்று அங்கே வீடு பிடித்தார். காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து பெங்களூரில் இருந்த பேக்டரிக்குப் போவார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா, தம்பி இருக்கிற இடத்தில்தான் இருப்பேன் என்று பக்கத்துப் போர்ஷனுக்குக் குடி வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். அவர் தும்மினால் எங்கள் வீட்டில் அம்மா "ஆயுசு நூறு" என்பாள்.

பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் வயது வித்தியாசம் அதிகம். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால், மீசை சரியாக முளைக்காத வயதில் பெரியப்பா அல்சூர் பக்கம் பட்டாளத்தில் ஆள் எடுக்கிற இடத்துக்கு வந்து வரிசையில் நின்றிருக்கிறார். அப்பாவைப் படிக்கவைத்தது, ஐடிஐயில் சேர்த்தது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் அவர்தான். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது தம்பி கேட்டதையெல்லாம் டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவாராம். ஒருமுறை தம்பி ஆப்பிள் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்ததற்காகக் காஷ்மீரிலிருந்து ஒரு கூடை ஆப்பிளோடு ரயில் ஏறி, ஜோலார்பேட்டையில் இறங்குவதற்குள் பாதி அழுகிப்போக, மீதியோடு வந்து நின்றார் என்று அப்பா சொல்வார். சொல்லும்போதெல்லாம் அந்த அழுகின வாசனை தனக்கு இன்னும் பிடிக்கும் என்பார்.

தெருக்காரர்களுக்கு அவர் "மிலிட்ரி". எழுபத்தொன்று யுத்தத்தில் இருந்தவர் என்று தெரிந்ததும் தெருப் பிள்ளைகளெல்லாம் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்பதற்காகவே அவர் வாசலில் போய் உட்காருவோம். அவர் கோவேறு கழுதைகளைப் பற்றிச் சொல்வார். மலை உச்சியில் பருப்பு எவ்வளவு வேகவைத்தாலும் வேகாது என்று சொல்வார். துப்பாக்கிக்கு மட்டும் வரவே மாட்டார். பெரியம்மாதான் ஒருநாள் போட்டு உடைத்தாள். "அவரு எங்க சுட்டாரு? ஆத்துக்குப் பாலம் போடற வேலை அவருக்கு. பாலத்தப் போட்டுட்டு ஓரமா நின்னுட்டிருப்பாரு, மத்தவங்க போயி சண்டை போடுவாங்க." எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். பெரியப்பாவோ, ஆமாம் என்பதுபோலச் சிரித்துக்கொண்டு பெல்ட் பக்கிளைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாலிஷின் புளித்த வாசனைதான் எனக்கு அவர் வாசனை.

எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு குழாய். தண்ணீர் வந்தால் குடத்தால் அடித்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்று வந்த புதிதில் அதைப் பார்த்த பெரியப்பா, கழுத்தில் ஒரு பித்தளை விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு குழாயடியில் போய் நின்றார். ஊதினால் ஒரு குடம் நகர வேண்டும், அடுத்த குடம் வர வேண்டும். முதல் வாரம் பெண்கள் அவரைத் திட்டாத திட்டில்லை. யார் இந்தக் கிழவன், பொம்பளைங்க நிக்கிற இடத்தில் இவனுக்கு என்ன வேலை என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்டார்கள். பெரியம்மா வெட்கத்தால் ஒரு வாரம் தண்ணீருக்கே போகவில்லை. மூன்றாவது வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, குழாயடியில் பழையபடி மண்டை உடைந்தது. அன்று சாயங்காலம் அதே பெண்கள் வாசலில் வந்து நின்று, மிலிட்ரிக்கு எப்ப சரியாகும் என்று விசாரித்தார்கள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. காவிரித் தண்ணீர் விஷயத்தில் பெங்களூரு கலவரப்பட்ட குளிர்காலம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அப்பா கேட்டில் தமிழில் எழுதியிருந்த பெயரைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டோம். பெரியப்பா ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே வாங்க என்று பெரியம்மா எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. மத்தியானம் ரைஸ் மில்காரர் மொபெட்டில் வந்தார். அவர் கன்னடக்காரர், ஊரில் பெரிய மனிதர். எதுவும் பேசாமல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலை வாங்கிப் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டு சாயங்காலம்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தது அந்த இரண்டு முதுகுகளைத்தான். அதற்குப் பிறகு மில்காரர் எங்கள் வீட்டில் யார் என்று கேட்டால் நான் மாமா என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. குழாயடிப் பெண்கள் பெரியப்பாவை இழுத்துக்கொண்டு போய் நிற்கவைத்தார்கள். எங்கள் தெரு ஓட்டெல்லாம் அவருக்கே விழுந்தது. அப்பாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. மொழி தெரியாத ஊரில் நமக்கெதற்கு இந்த வம்பு என்றார். ஜெயித்த மெம்பர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மில்காரர் பக்கம் பாதிப் பேர், கல் குவாரி காண்ட்ராக்டர் பக்கம் பாதிப் பேர். எந்தப் பக்கமும் அசையவில்லை. கடைசியில் மில்காரரே எழுந்து, இரண்டு பக்கமும் சேராத சுபேதார் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். குவாரி ஆட்களும் சரி என்றார்கள். பட்டாளத்துக்காரன், மேலே இருந்து ஆர்டர் வந்தால் சல்யூட் அடித்துப் பழகினவன், காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவான் என்று இரண்டு பக்கமும் கணக்குப் போட்டிருக்கிறது. அப்பாவும் அப்படித்தான் நினைத்தார் என்பதை வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார்.

பதவி ஏற்கும்போது கன்னடத்தில் பேச வேண்டும். பெரியப்பாவுக்குத் தெரிந்த கன்னடம் கடைக் கன்னடம், அதிலும் பாதி ஹிந்தி. என்னோடு உட்கார்ந்து என் பாடப்புத்தகத்தைப் பார்த்து, வாய்க்குள் முணுமுணுத்து ஒரு வாரம் மனப்பாடம் செய்தார். மேடையில் ஏறியதும் எல்லாம் மறந்துவிட்டது. "நானு நிம்ம ஜவானு. கெலச ஹேளி, மாடுத்தேனே" என்றார். நான் உங்கள் சிப்பாய், வேலையைச் சொல்லுங்கள், செய்கிறேன். அவ்வளவுதான் பேச்சு. கூட்டம் ஒரு நிமிஷம் பார்த்தது, பிறகு கை தட்டியது. அன்றிலிருந்து மிலிட்ரி போய், தலைவர் என்கிற அர்த்தத்தில் "அத்யக்ஷரு" ஆனார்.

அத்யக்ஷரு விடியற்காலையில் சைக்கிளில் கிளம்புவார். கைப்பிடியில் காக்கி கான்வாஸ் தண்ணீர்ப் பை ஒன்று தொங்கும். அந்த மாதிரிப் பைகளை இப்போது எங்கும் பார்க்க முடியவில்லை. வெளியே கசிந்து கசிந்து உள்ளே தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், லேசாகத் துணி ருசிக்கும். எரியாத தெருவிளக்கைப் பார்த்தால் கம்பத்தடியிலேயே நிற்பார், லைன்மேன் வரும்வரை. மார்க்கெட் சாக்கடை அடைத்துக்கொண்டபோது, ஆள் வரவில்லை என்று தெரிந்ததும், அரை டவுசரோடு தானே இறங்கிவிட்டார். அது பஸ் ஸ்டாப்புக்கு எதிரே. ஷிஃப்டு முடிந்து சக ஊழியர்களோடு வந்து இறங்கிய அப்பா, இடுப்பளவு சேற்றில் நிற்கிற அண்ணனைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, மானம் போகிறது என்று அம்மாவிடம் பொருமினார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவும் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, இத்தினி வருசம் மண்ணு வெட்டுனது போதலையா உங்களுக்கு?" பெரியப்பா புழக்கடையில் சோப்புப் போட்டுப் போட்டுக் குளித்துக்கொண்டு ஏதோ ஹிந்தியில் பாடினார். சுருதி என்பது அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை.

அந்த வருஷம்தான் ஏரிக்குக் கீழே இருந்த தன் வயலை மில்காரர் வீட்டு மனைகளாகப் பிரித்து சைட் போட்டார். ஏரி நிரம்பி வழிகிற வாய்க்கு அங்கே கோடி என்று பெயர். கோடியிலிருந்து வழியும் தண்ணீர் ஒரு கால்வாயாக அந்த வயல் நடுவே ஓடி, தூரத்தில் ஓடைக்குப் போகும். பல வருஷமாக ஏரி நிரம்பவில்லை, கால்வாய் புல் மண்டிக் கிடந்தது. அதன்மேல் செம்மண்ணைக் கொட்டி நிரவி, வெள்ளையடித்த கற்களை நட்டார்கள். கால்வாய் என்ன ஆனது என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். "பைப் போட்டிருக்கு சுபேதாரே, ஒரு ஆளு குனிஞ்சி உள்ள போயிட்டு வரலாம்" என்றாராம் மில்காரர். பெரியப்பா ஒரு முனையைப் போய்ப் பார்த்தார். அந்த முனையில் பைப் பெரியதாகத்தான் இருந்தது. லேஅவுட் அனுமதியில் கையெழுத்துப் போட்டார். தன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மனிதர் சொன்ன சொல்லை மறுமுனைக்குப் போய்ச் சோதிக்க அவருக்குத் தோன்றவில்லை.

அப்பா ஒரு சைட் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் சொந்த வீடு என்று யாரும் கட்டியதில்லை. பூமி பூஜைக்குத் தேங்காய் உடைத்தது பெரியப்பாதான். அந்த லேஅவுட்டிலேயே முதலில் எழும்பியது எங்கள் வீடு. மற்ற இடமெல்லாம் வெறும் கல். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் போய்ச் சுவருக்குத் தண்ணீர் விடுவோம். புதுச் செங்கல் தண்ணீரை உறிஞ்சும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, கேட்டிருக்கிறீர்களா? கூடவே ஒரு வாசனை. அதற்காகவே நான் காத்திருப்பேன். ஏரிக்கரை தெரிகிற பின்பக்க அறை எனக்கு என்று முடிவாகியிருந்தது. ஜன்னல் விளிம்பில் என் புத்தகங்களை எப்படி அடுக்குவது என்று காய்ந்த சிமென்டில் கரிக்கட்டையால் கோடு போட்டு வைத்திருந்தேன். அம்மாவின் சமையல் மேடைக்குக் கடப்பாக்கல்கூடப் போட்டாகிவிட்டது. கூரை ஒன்றுதான் பாக்கி. ஒருநாள் அம்மா யாரும் இல்லாதபோது அந்த மேடை முன்னால் நின்று, இல்லாத கரண்டியால் கிண்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஆயுத பூஜை முடிந்ததும் மழை ஆரம்பித்தது. நம் ஊர் மழை சாயங்காலம் வந்து ஆடிவிட்டுப் போகும். இது அப்படியில்லை, விடவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். ஏரி நிரம்புகிறது என்று முதலில் ஊரே சந்தோஷப்பட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம், பூப் போட்டுக் கும்பிட்டோம். பெரியப்பா மட்டும் கரைமேல் அப்படியும் இப்படியும் நடந்துகொண்டிருந்தார். கோடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. தண்ணீர் பைப்புக்குள் போகவில்லை. மறுமுனையில் போட்டிருந்த பைப் ஒரு குடம் நுழைகிற அளவுதான், அதுவும் முள்ளும் வாழைத்தண்டும் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் திரும்பி ஏரியிலேயே ஏறியது. தெற்குக் கரையில் ஓரிடத்தில் கரைக்கு வெளிப்பக்கம் சேறு கசிந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் கல் உடைக்கிறவர்களின் காலனி. தென்னங்கீற்றும் தகரமும் போட்ட குடிசைகள். தர்மபுரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள்.

பெரியப்பா நனைந்துகொண்டே பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போனார். பெரிய அதிகாரி இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இன்ஜினியர் வந்து பார்ப்பார் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. திரும்பி வந்து நேராக ரைஸ் மில்லுக்குப் போனார். கால்வாயைத் திறந்தாக வேண்டும் என்றார். மில்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, மழை நாளைக்கு நின்றுவிடும் என்றார். பிறகு ஒன்று சொன்னாராம். "சுபேதாரே, ஸ்வல்ப யோசனை மாடி, கொஞ்சம் யோசிங்க. அந்த வழியில நிக்கிறது ஒரே ஒரு வீடு. அது யாரு வீடு?" பெரியப்பா டீயை முழுதாகக் குடித்துவிட்டு எழுந்து வந்தார் என்று பெரியம்மா சொன்னாள். அவரால் எதையும் வீணாக்க முடியாது.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் தெருவில் விசில் சத்தம் கேட்டது. காலனி ஆட்கள் கடப்பாறை, மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள், முன்னால் பெரியப்பா. எங்கே போகிறார்கள் என்பது அம்மாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் ஓடினாள். பெரியம்மாவும் பின்னால் வந்தாள். நாங்கள் போனபோது அந்த ஆட்கள் எங்கள் வீட்டுப் பின்சுவரைச் சுற்றி நின்றிருந்தார்களே தவிர யாரும் கை வைக்கவில்லை. அத்யக்ஷரின் தம்பி வீடாயிற்றே.

அம்மா சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். தம்பி மனைவியோடு பெரியப்பா நேருக்கு நேர் பேசுவது கிடையாது. எதுவாக இருந்தாலும் பெரியம்மா மூலமாகத்தான். அன்றும் பெரியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ."

"அவரு வந்துரட்டும் மாமா" என்றாள் அம்மா. "சாயந்திரம் வந்துருவாரு. அவர ஒரு வார்த்த கேட்டுட்டு என்ன வேணா பண்ணுங்க."

பெரியப்பா ஏரிக்கரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, முதல்முறையாக, அம்மாவின் முகத்தைப் பார்த்தே பேசினார். "சாயந்திரம் வரைக்கும் கரை தாங்காதும்மா."

அம்மா நகரவில்லை. பெரியம்மா போய் அவள் தோளைப் பிடித்தாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே விலகினார்கள். பெரியப்பா ஒரு ஆளிடமிருந்து கடப்பாறையை வாங்கி ஓங்கினார். முதல் அடி என் ஜன்னலுக்குக் கீழே விழுந்தது. ஈரச் சுவர், சுலபமாக உள்வாங்கியது. நாங்கள் ஞாயிறு ஞாயிறாகத் தண்ணீர் விட்டு வளர்த்த சுவர். அதற்குப் பிறகு எல்லாரும் இறங்கினார்கள். பின்சுவரை எடுத்து, ஹாலைக் குறுக்கே வெட்டி, முன்சுவரை எடுத்து, செம்மண்ணை வாரி வாரிக் கோடிவரைக்கும் பழைய கால்வாயைத் தோண்டினார்கள். சமையல் மேடையும் சரிந்தது. மத்தியானத்துக்கு மேல் கடைசி மண்ணை வெட்டிவிட்டதும் தண்ணீர் வந்தது. காப்பி நிறத்தில், நுரையோடு, சாவகாசமாகத்தான் வந்தது. ஹாலுக்குள் நுழைந்து, வாசல் இருந்த வழியாக வெளியே போனது. என் கரிக்கோடு போட்ட சிமென்டுத் துண்டு தலைகீழாகக் கிடந்ததைப் பார்த்தேன். காலனிப் பிள்ளைகள் எங்கள் சமையலறை இருந்த இடத்தில் துண்டை விரித்து மீன் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் கெளுத்தி மீன் ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஆனால் வாங்கிக்கொள்ள ஆசையாக இருந்தது.

அப்பா சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே டீக்கடையில் சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸ் பையோடு நேராக அங்கே வந்தார். தண்ணீருக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் தலை முதல் கால்வரை சேறாகப் பெரியப்பா. அப்பா ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு திரும்பி நடந்தார். அந்த வாரமே பெங்களூருக்குள் ஈஜிபுராவில் ஒற்றை அறை வீடு ஒன்று பார்த்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாமான்களை ஏற்றும்போது டெம்போவில் என் புத்தகப் பை நனைந்தது. அப்படித்தான் உங்கள் வகுப்புக்கு வந்தேன்.

ஏரிக்கரை நின்றது. காலனிக்குள் தண்ணீர் வரவில்லை. வராத வெள்ளத்தை யாரும் பார்க்கவில்லை என்பதால், ஊர் ஆளாளுக்கு ஒன்று பேசியது. கரை எப்படியும் தாங்கியிருக்கும், மிலிட்ரி பயந்துவிட்டான் என்றார்கள் சிலர். தம்பி வளர்வது பொறுக்கவில்லை என்றுகூடச் சொன்னார்கள். உத்தரவு இல்லாமல் கட்டடத்தை இடித்தார் என்று மில்காரர் தலைவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இடித்தது உண்மைதான், உத்தரவு இல்லாததும் உண்மைதான். பெரியப்பா மறுக்கவில்லை. பைப்பைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காக நீங்கள் என்னை நீக்கியிருந்தால் அதுவும் நியாயம்தான் என்று மட்டும் சொன்னாராம். எல்லாக் கைகளும் உயர்ந்தன, காலனியிலிருந்து வந்த ஒரு பெண் மெம்பரின் கையைத் தவிர. பெரியப்பா எழுந்து எல்லாருக்கும் ஒரு சல்யூட் வைத்துவிட்டு, ஆபீஸ் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். மில்காரரும் அவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வழியில் பார்த்தால் மில்காரர் மொபெட்டின் வேகத்தைக் குறைப்பார் என்று பெரியம்மா சொல்வாள். குறைப்பாரே தவிர நிறுத்த மாட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் இளகியது அம்மாதான். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒருமுறை விட்டுப்போன சாமான் எடுக்க அவள் ஊருக்குப் போனபோது, பெரியம்மா அவளைக் காலனிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டுக்கு வீடு தூளி. தரைக்கு ஒரு முழ உயரத்தில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அம்மா திரும்பி வந்து ஒன்றும் விவரமாகச் சொல்லவில்லை. "அவ்ளோ தாழ்வா கட்டியிருக்காங்க தூளிய" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பெரியப்பாவைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு குறை வரவில்லை.

அப்பா அசையவில்லை. பெரியப்பா மாதத்தில் ஒரு ஞாயிறு ஈஜிபுராவுக்கு வருவார். எனக்கு வேர்க்கடலை மிட்டாய், அம்மாவுக்கு ஊர்க் கீரை. அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பெரியப்பா கொஞ்ச நேரம் இருந்து காப்பி குடித்துவிட்டு, அவன் வந்தா சொல்லு என்று சொல்லிவிட்டுப் போவார். என்ன சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டை இடித்ததற்குத்தான் அப்பாவுக்கு அவ்வளவு கோபம் என்று நான் நினைத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பெரியப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் நன்றாக இருந்தார். மறுபடி எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை. குழாயடிக்கு மட்டும் போனார், வீட்டுக்கு வீடு குழாய் வரும்வரை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவரைத் தூக்க அந்தக் காலனி ஆட்கள் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. அதையெல்லாம் இன்னொரு பொழுது சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். வீட்டை இடித்ததற்கு அடுத்த வருஷ மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அன்றும் பெரியப்பா வந்தார். ஆனால் அவர் வந்த நேரம் மழை கொட்டியது, தெருவெல்லாம் தண்ணீர். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்ப் பார்த்தார், போக வழியில்லை, திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஒரே அறை. பெரியப்பா நாற்காலியில். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல எழுதிக்கொண்டிருந்தேன். தகரக் கூரைமேல் மழைச் சத்தம். வெகுநேரம் கழித்து அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்குக் காலையில உன் வாசல் வழியாத்தானே ஷிஃப்டுக்குப் போனேன். நீ ஷேவ் பண்ணிட்டிருந்த."

"ஆமா. பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லண்ணா. டீக்கடைக்காரன் சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா? சொல்லியிருந்தா நானே கடப்பாறை எடுத்திருப்பேன்."

பெரியப்பா கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எடுத்திருப்ப. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி 'வேணாம்ணா'ன்னு ஒரு தடவ சொல்லியிருப்ப. யாரா இருந்தாலும் சொல்லுவாங்க. நீ அதச் சொல்லிட்டா அப்புறம் என்னால முடியாதுடா. சின்ன வயசுலருந்து நீ கேட்டு நான் இல்லன்னு சொன்னதே இல்ல. அதான் நீ பஸ் ஏறுற வரைக்கும் காத்துட்டிருந்தேன்."

அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். இரண்டு தட்டு எடுத்து இரண்டு பேர் முன்னாலும் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா வழக்கம்போலக் குடையைத் தேடினார். அப்பா அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "மழ விடட்டும், இருந்துட்டுப் போ" என்றார்.

மழை அன்று சாயங்காலமே விட்டுவிட்டது. பெரியப்பா மறுநாள்தான் ஊருக்குப் போனார்.